4417-ஆம் எண் கோபுரம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ‘இன்னொருவாட்டி’ என்று பெயர். எதை அளந்தாலும் ஒரு தடவையோடு விடமாட்டாள். இன்னொரு வாட்டி பார்த்துவிடலாமா என்று கேட்டே ஆளைக் கொன்றுவிடுவாள். அந்த இன்னொரு வாட்டிக்காக எத்தனை மதியச் சாப்பாடு ஆறிப்போயிருக்கிறது என்று வேன் ஓட்டும் எனக்குத்தான் தெரியும். பதவியில் எனக்கு மேலே, வயதில் என் கடைசித் தங்கைக்கும் கீழே. அவள் என்னை அண்ணன் என்பாள், நான் அவளை வாம்மா போம்மா என்பேன்.

நாங்கள் இருப்பது தொலைத்தொடர்பு ஆணையத்தில். போன் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுப்பதும், உரிமத்தில் எழுதியபடி நடக்கிறார்களா என்று பார்ப்பதும் ஆணையத்தின் வேலை. ஒரு குடியிருப்பில் நூறு அழைப்புப் போட்டால் குறைந்தது தொண்ணூற்றைந்து சேர வேண்டும் என்பது நிபந்தனை. கூரையில் நாலு ஆன்டெனா நட்ட எங்கள் வெள்ளை வேனில், அளக்கும் பெட்டியை வைத்துக்கொண்டு தெருத்தெருவாக அதைச் சோதிப்பவள் இவள். அதற்கு முன்னால் ஒரு போன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஆறு வருஷம் ஹெட்போன் மாட்டியிருந்தவள். சிக்னலே இல்லை என்று அழுகிறவர்களிடம் உங்கள் பகுதியில் சேவை நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அதுதான் அங்கே சம்பளம். நாக்குக் கூசிப்போய் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வாள்.

வம்பு வந்தது மேட்டுக் குடியிருப்பில். ஒன்பது தெரு, முந்நூறு குடும்பம். போன் பேச வேண்டுமென்றால் கீழே பஸ் நிறுத்தம் வரை இறங்க வேண்டும். இவள் அளந்து பார்த்ததில் நூற்றுக்கு முப்பத்தொன்றுதான் சேர்ந்தது. அங்கே சேவை தரும் கம்பெனிக்கோ பத்து வருஷ உரிமம் புதுப்பிக்கிற நேரம். பொது விசாரணையில் அவர்களுடைய வக்கீல் எழுந்து, நாங்களே அளந்தோம், தொண்ணூற்றெட்டு வந்தது, இந்த அம்மாவின் கணக்கு பொய்க் கணக்கு என்று சபையில் சொல்லிவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவள் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

மறு அளவைக்கு உத்தரவானது. அதில் தொண்ணூற்றைந்து வந்துவிட்டால் உரிமம் பத்து வருஷத்துக்குப் போய்விடும், இவள் பெயர் அளவையாளர் பட்டியலிலிருந்து அடிபடும். விதிப்படி தேதியையும் தெருக்களின் பட்டியலையும் கம்பெனிக்கு முன்கூட்டியே கொடுத்தாக வேண்டும். அவர்கள் தரப்பு ஆள் ஒருவர் வேனில் கூடவே வந்து தெருவுக்குத் தெரு கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தக் காலை ஒன்பது மணிக்குக் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து ஒரு டை கட்டிய ஆசாமி வந்து ஏறினார். நான் முதல் தெருவுக்குத் திருப்பப் போனேன். அவள் சொன்னாள்: “கடைசித் தெருவுல இருந்து ஆரம்பிக்கலாம்ண்ணே. பட்டியல்ல தெருதான் போட்டிருக்கு, வரிசை போடல.”

டைக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. அவசர அவசரமாகப் போனை எடுத்தார். ஒன்பதாம் தெருவில் எங்கே சிக்னல்? ஜன்னலுக்கு வெளியே நீட்டினார், தலைக்கு மேலே தூக்கினார். சிக்னல் கிடைக்கவில்லையா சார் என்று அவள் ரொம்ப மரியாதையாக விசாரித்தாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமித் தொலைத்தேன்.

தெருவுக்கு இருபது அழைப்பு. முதல் ஆறும் படுத்துவிட்டன. ஏழாவதைப் போடப் போகும்போது கீழேயிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு ஏறி வந்து முனையில் நின்றது. முதுகில் மடக்கிப் படுக்க வைத்திருந்த இரும்புக் கம்பம் கிறுகிறுவென்று நிமிர்ந்தது. பெருங்கூட்டம் கூடுகிற இடங்களில் தற்காலிகமாக நிறுத்துவார்களே, அந்த நடமாடும் கோபுரம். முதல் தெருப் பக்கம் காத்திருந்தவர்கள், எங்கள் வேன் மேலே போவதைப் பார்த்துவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள்.

அவ்வளவுதான், தெருவே பொங்கிவிட்டது. வீட்டுக்கு வீடு டிங் டிங் என்று நாள்கணக்கில் தேங்கிய செய்திகள் வந்து விழுந்தன. துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நுரைக் கையோடு வெளியே ஓடி வந்து, என் போன் வீட்டுக்குள்ளேயே அடிக்கிறது என்று ஊருக்கே சொன்னாள். பாக்கிப் பதினான்கு அழைப்பும் சேர்ந்துவிட்டன. டைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அடுத்த தெருவுக்கு வேனைப் பறக்க விட்டேன். அந்தத் தடிமாட்டு லாரி கம்பத்தை மடக்கி வந்து சேர்வதற்குள் இருபதையும் முடித்துவிடலாம் என்று எனக்கொரு வெறி. அவளானால் வண்டியை ஓரங்கட்டச் சொன்னாள். தண்ணீர் குடித்தாள். பெட்டியின் வயரைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். லாரி வந்து கம்பம் நிமிர்ந்த பிறகுதான் முதல் அழைப்பையே போட்டாள். இருபதுக்கு இருபது. எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பயந்துவிட்டாளா, இல்லை விலைபோய்விட்டாளா என்றுகூட நினைத்தேன். பாவி மனசு அப்படித்தான் நினைத்தது, மறைக்க மாட்டேன்.

டைக்காரர் கால் நீட்ட இறங்கிய நேரம் பார்த்து வெடித்துவிட்டேன். உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறாயே என்று கேட்டேன். அவள் பதிவுத் தாளைத் திருப்பிக் காட்டி, கடைசிக் கட்டத்தில் பென்சிலை வைத்தாள். ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி எண் உண்டு. போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறதோ, அந்த எண் அழைப்போடு சேர்ந்து தாளில் பதிவாகும். ஒன்பதாம் தெருவில் 4417. எட்டாம் தெருவிலும் 4417, அந்த லாரியின் எண்.

“ஓடினா மறுபடியும் பெட்டி கோளாறும்பாங்க, என் கணக்கு பொய்யிம்பாங்க,” என்றாள் மெதுவாக. “கூடவே வரட்டும்ண்ணே. ஒன்பது தெருவுக்கும் வரட்டும்.”

அடிப் பாவி மகளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் நான் ஓட்டினேன் பாருங்கள், கல்யாண ஊர்வலத்தில்கூட அவ்வளவு பொறுமையாக ஓட்டியிருக்க மாட்டேன். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று லாரி வருகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். ஐந்தாம் தெருவின் குறுகலில் லாரி மாட்டிக்கொண்டு முழித்தபோது இறங்கிப் போய், இடது பக்கம் ஒடி, அப்படியே வா, வா, வா என்று நானே கையைக் காட்டி எடுத்துவிட்டேன். ஓட்டுநர் நன்றியோடு கும்பிட்டான். பின்னால் ஒரு பட்டாளமே வந்துகொண்டிருந்தது. லாரி நகர்ந்தால் பேச்சு அறுந்துவிடுகிறது என்று கண்டுபிடித்துவிட்ட ஜனங்கள், போனைக் காதில் வைத்தபடி அதன் பின்னாலேயே தெருத்தெருவாக நடந்தார்கள். அந்த நுரைக் கை அம்மாள் வெளிநாட்டு மகளோடு நாலு தெருவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு முதல் தெருவில் முடித்தோம். டைக்காரர் மொத்தத்தை மட்டும் பார்த்தார். நூற்றெண்பதில் நூற்று எழுபத்து நான்கு, தொண்ணூற்றாறுக்கு மேல். ஒன்பதாவது தாளிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டு, அவளுக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த வாரம் விசாரணை. வக்கீல் அந்த எண்ணிக்கையை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அம்மாவின் பெட்டியே அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று வேறு சேர்த்துக்கொண்டார். ஆணையத் தலைவர் அவளிடம் ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். எண்ணிக்கையில் ஆட்சேபம் இல்லை, கடைசிக் கட்டத்தை மட்டும் ஒன்பது தெருவுக்கும் வாசிக்கச் சொல்லுங்கள் என்றாள். செயலாளர் வாசித்தார். 4417, 4417, 4417. நாலாவது தெரு வரும்போதே சபையில் சலசலப்பு. ஏழாவதில் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

உரிமத்தோடு ஒவ்வொரு கோபுரத்தின் முகவரியும் ஆணையத்தில் தாக்கலாகியிருக்க வேண்டும். பட்டியலில் 4417 இல்லையே, இதன் முகவரி எங்கே என்று தலைவர் கேட்டார். வக்கீல் டைக்காரரைப் பார்த்தார். டைக்காரர் தன் ஒன்பது கையெழுத்தையும் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

“இப்ப கம்பெனி ஷெட்டுல நிக்குதுங்க சார்,” என்றாள் அவள். “சாவி குடுத்தா இங்கயே ஓட்டிட்டு வந்துடலாம்.”

சபை சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. மேட்டுக் குடியிருப்பில் நிரந்தரக் கோபுரம் எழும்வரை உரிமம் புதுப்பிக்கப்படாது, அதுவரை அந்த லாரி அங்கேயே வந்து நிற்க வேண்டும், ஓர் அடி நகரக் கூடாது என்று உத்தரவானது. அவளைப் பற்றிச் சொன்ன வார்த்தைகளைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கவும் சொன்னார் தலைவர். எல்லோரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

“பொய்க் கணக்குன்னு மைக்குல சொன்னாருங்க சார். இல்லன்னும் அவரே மைக்குல சொல்லணும்.” இரண்டு கையையும் மேஜையில் ஊன்றியிருந்தாள்.

தலைவர் வக்கீலைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் மைக்கை இழுத்து, தொண்டையைச் செருமி, அம்மாவின் கணக்கு சரியான கணக்கு என்று சொன்னார். நான் எழுந்து கை தட்டிவிட்டேன். சபையில் கை தட்டக் கூடாது, ஓட்டுநர் வெளியே போகலாம் என்றார் காவலர். வெளியே போனேன். கதவைச் சாத்திவிட்டு அங்கேயும் நின்று கை தட்டினேன்.