மேல்கணக்கு ஜனாதிபதி

மாணிக்கவாசகம் ஜனாதிபதியானது கை போன பிறகுதான். மாத்தளை மலைப்பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் பெக்டரியில், கொழுந்து உருட்டும் ரோலர் அவருடைய வலக்கை விரல்களைத் தின்றுவிட்டது. வேலையும் போயிற்று. மேல்கணக்கு என்று சொல்லப்படும் உச்சிப் பிரிவின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்டியில் கடையொன்றில் வேலை செய்யும் மகள் தினுஷா, அப்பாவுக்குப் பித்துப் பிடித்துவிடுமோ என்று பயந்து தன் பழைய போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு தேசத்தை ஆள வேண்டும். வரி போடலாம், அமைச்சர்களை விரட்டலாம், ஆனால் தேர்தல் வந்தால் வென்றாக வேண்டும்.

முதல் சில தேர்தல்களில் மண்ணைக் கவ்வினார். எல்லோருக்கும் நல்லது செய்யப்போய் கஜானாவைக் காலி செய்ததுதான் காரணம். பிறகு சூட்சுமம் பிடிபட்டது. கூட்டம் உள்ள இடத்தில் அள்ளிக் கொடு. கூட்டமில்லாத இடத்தில் வாய்ப்பந்தல் போடு. அதன்பின் தோல்வியே இல்லை. லயமே அவரை ஜனாதிபதி என்று கேலி செய்தது. அவருக்கோ உள்ளூரப் பெருமை. விரலில்லாத கையை யாரும் உற்றுப் பார்க்காமல் இருந்தது அந்த நாட்களில்தான்.

மனைவி காத்தாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்ததும் ஆரம்பிப்பாள்.

"ஜனாதிபதி ஐயா, பைப்புல தண்ணி வருது. ரெண்டு வாளி புடிச்சு வச்சா ஆட்சி கவுந்துருமா?"

ஒரு நாள் மாலை அவளும் போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அந்த மலை மூலையில யாருங்க இருக்காங்க?"

"நம்ம மாதிரி தோட்டத்து ஆளுங்கன்னு வச்சுக்க."

"என்னமோ மணி அடிச்சுக்கிட்டே இருக்கே?"

"ரோட்டு கேக்குறாங்க."

"பாவம், குடுத்துருங்களேன்."

"அங்க கொஞ்சப் பேருதான் புள்ள. மொதல்ல நாட்டுக்குச் செய்வோம். அடுத்த முறை பாப்போம்."

தோட்டத்துப் பேச்சில் நாடு என்றால் தேசமில்லை. கீழே, தோட்டத்துக்கு வெளியே இருக்கும் கிராமங்கள். தோட்டம் நாட்டில் சேர்த்தி கிடையாது. பரம்பரையாக அப்படிச் சொல்லிப் பழகிய நாக்கு, ஆட்சி கைக்கு வந்த பிறகும் அதையே சொன்னது.

"ஆளுறது நீங்க. அப்பவும் நமக்கு ஒண்ணுமில்லையா?" என்று காத்தாயி சிரித்தாள். அவரும் சிரித்துக்கொண்டே 'பிறகு' என்ற பொத்தானை அழுத்தினார்.

ஐப்பசி மழையில் ஒரு காலை, காத்தாயி மலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேல்கணக்குப் பாதை போன வருடமே வளைவில் இடிந்து கிடந்தது. அம்புலன்ஸ் வந்தது, வளைவுக்குக் கீழே நின்றது. அவளைக் கம்பளியில் கிடத்தி, ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சேற்றில் இறக்கினார்கள். ஒரு முனையைப் பிடிக்கக்கூட மாணிக்கவாசகத்தின் கைக்கு முடியவில்லை. அவள் முகம் நனையாமல் குடை பிடித்தபடி பக்கத்தில் ஓடினார். வளைவை எட்டும் முன்பே அவள் போய்விட்டாள். அது தெரியாமல் அவர் கடைசிவரை குடை பிடித்துக்கொண்டே வந்தார்.

சாவு வீட்டுக்குப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவர் வந்தார். தினுஷா பாய்ந்தாள்.

"ரோட்டு இருந்திருந்தா எங்கம்மா இன்னைக்கு உசுரோட இருப்பாங்க!"

உறுப்பினர் மாணிக்கவாசகத்தின் பக்கத்தில் குந்தி, தணிந்த குரலில் சொன்னார்: "மனசுக்கு வேதனைதாண்ணே. மேக்கணக்குல கொஞ்சப் பேருதானே இருக்கீங்க. மொதல்ல நாட்டுப் பக்கம் முடியட்டும். அடுத்த முறை கட்டாயம் பாப்போம்."

இளந்தாரிகள் கொதித்தார்கள். மாணிக்கவாசகம் வாயைத் திறந்தால் போதும், அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள். உறுப்பினர் வணக்கம் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

"ஏம்ப்பா பேசாம இருந்தீங்க? நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!" தினுஷா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னத்தக் கேக்குறது தாயி?" என்றார் அவர். "உங்கம்மா வாய் விட்டுக் கேட்டா. நாந்தான் குடுக்கல."