விளக்கேந்தியின் நூறு அடி

2003
ஏப்ரல் 14. வாள்வீரன், நூறு அடி: 40,320.
ஏப்ரல் 15. வில்லாளி, நூறு அம்பு: 36,960.
ஏப்ரல் 16. மந்திரவாதி, நூறு வீச்சு: 44,790.
ஏப்ரல் 17. விளக்கேந்தி, நூறு அடி: 2,100.

கடைசி வரி பியோ கில்-நாமுடையது. வயது ஐம்பத்திரண்டு. சாங்வொன் இயந்திரத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். ஆள்குறைப்பில் வெளியே வந்த பிறகு மூன்று வருடமாக எங்கள் தெருவின் மாடி கேம் சென்டரில் பதினேழாம் எண் கணினிதான் அவருடைய இடம். மனைவி புசானுக்குப் போய்விட்டாள். அவரைக் கூப்பிட்டுப் பேச அந்த மாடியில் இருந்தவர்களை விட்டால் வேறு ஆள் இல்லை.

எல்லோரும் ஆடியது ஒரே கணினி ஆட்டம்; அதில் பியோவின் பாத்திரம் விளக்கேந்தி. ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கோட்டைப் போர். குழுவுக்கு நாற்பது பேர் என்பது விதி. புதிதாக ஒரு வாள்வீரன் சேர்ந்ததில் நாங்கள் நாற்பத்தொருவர் ஆனோம். குழுத் தலைவன் தோ சங்-பிம், டயர் கடைக்காரன், யாரைக் கழிப்பது என்று அளந்து சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தான். நான் முப்பத்தெட்டு வருடம் நீர்த்தேக்கத்தில் நீர்மட்டம் குறித்தவன்.

ஆட்டத்தில் ஒரு குகைக்குள் கல்தூண் உண்டு. அதை அடித்தால் அடியின் அளவு எண்ணாகத் திரையில் தெரியும். குகை இருட்டு என்பதால் ஒவ்வொருவரை அளக்கும்போதும் பியோ விளக்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றார். விளக்கேந்தியால் செய்ய முடிந்தது அவ்வளவுதான் என்று எல்லோரும் நினைத்தோம்.

மே 17, சனிக்கிழமை மதியம் கூடினோம்.

“ஐயா, சத்தமா படிங்க. மெழுகுவத்தி அண்ணனுக்கும் கேக்கட்டும்,” என்றான் சங்-பிம்.

படித்தேன்.

“நூறு அடிக்கு ரெண்டாயிரத்து நூறா? எங்கம்மா பூண்டு இடிச்சாலே இதுக்கு மேல வரும்,” என்றான் புதிய வாள்வீரன்.

“விளக்கேந்தி அடிக்கிற ஆளு இல்லப்பா,” என்றார் பியோ. “நான் கூட நின்னா நல்லாருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

“நல்லாருக்குன்னா அது எத்தனைண்ணே? நம்பர் சொல்லுங்க,” என்றான் சங்-பிம்.

பியோ என் பக்கம் திரும்பினார். “ஐயா, அந்த நோட்டுல என் பேருக்கு நேரா வேற ஒண்ணுமே இல்லீங்களா?”

“இல்ல,” என்றேன்.

சங்-பிம்முக்கு அந்த விளக்கு வேண்டியிருந்தது. ஆட்டத்தில் ஆள் செத்தால்தான் அது கீழே விழும், அதுவும் எப்போதாவது. “நீங்களா வந்து நில்லுங்கண்ணே. அடுத்த மாசம் திரும்ப சேத்துக்கலாம்,” என்றான். பியோ வந்து நின்றார். பதினொரு பேர் சூழ்ந்து வெட்டினார்கள். செத்தவர் ஊர்க் கிணற்றடியில் உயிர்த்து, நடந்து வந்து, மறுபடி நின்றார். இருபத்தாறாம் தடவை விளக்கு விழுந்தது. எண்ணியது நான்.

“அடுத்த மாசம் எந்த ஞாயித்துக்கிழமைப்பா?” என்று பியோ கேட்டார்.

“அட, சும்மா சொன்னேண்ணே. அதப் போய் நம்பிட்டீங்களா?”

விளக்கை வேறோர் ஆட்டக்காரனுக்கு நிஜப் பணத்துக்கு விற்று, அதில் பன்றி இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். நானும் போயிருந்தேன்.

மே 19 அன்று பியோ தன் விளக்கேந்தியை அழித்தார். அழித்ததை முப்பது நாளுக்குள் மீட்டுக்கொள்ளலாம். ஜூன் 18 கடைசி நாள்.

மே 18, 25, ஜூன் 1 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் தோற்றோம். கோட்டை போயிற்று. ஜூன் 2 முதல் திரையின் வெளிச்சத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு, விளக்கில்லாமல் மறுபடி அளந்தேன். வாள்வீரன் 36,012. வில்லாளி 32,987. மந்திரவாதி 39,990. எல்லோருக்கும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். குறிப்புக் கட்டத்தில், ஒரு வரி விடாமல், “அருகில் பியோ, விளக்குடன்” என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பியோவின் வரியில் மட்டும் அந்தக் கட்டம் காலி.

ஜூன் 9 அன்று ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டேன்.

ஜூன் 12 அன்று படிக்கட்டில் பியோ எதிரே வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

“ஐயா, இன்னும் ஆறு நாள் இருக்கு. திரும்ப எடுத்துரலாமான்னு தோணுது. வேற குழு ஏதாவது சேத்துக்குமா? நீங்க அளந்தவரு. நீங்க சொன்னா சரி.”

உறுதியாகாத அளவை வெளியே சொல்வது என் வழக்கம் இல்லை.

“என்கிட்ட இருக்கிற கணக்கு அன்னைக்கு நான் படிச்சதுதான்,” என்றேன்.

“அப்ப வேணாம்,” என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். பதினேழாம் எண் கணினியில் அதன் பிறகு ஒரு கல்லூரி மாணவன் உட்கார்ந்தான்.

நிறுவனத்தின் பதில் மூன்று வரிதான். விளக்கேந்தியிடமிருந்து பத்தடி தூரத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவரின் அடியும் பன்னிரண்டு சதவீதம் கூடும். ஏந்துபவருக்கு அதனால் பயன் இல்லை. இது திரையில் காட்டப்படுவதில்லை.

அது வந்து சேர்ந்தது 2003 ஜூன் 20, வெள்ளிக்கிழமை, காலை 10.40.