நைஸ்காரர் பட்டறையில் ஒரு கதவு

மரப் பாலிஷ் தொழிலில் அந்தத் தெருவுக்கே ராஜா அவர். அவரைக் கேட்டால் தெருவோடு நிறுத்த மாட்டார், ஊரையும் சேர்த்துக்கொள்வார். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர், உப்புத்தாளும் கந்தல் துணியுமாக ஆரம்பித்துச் சொந்தப் பட்டறையே போட்டுவிட்டார். கைதூக்கிவிட்டது யார்? ஒருத்தருமில்லை!

தெரிந்த இங்கிலீஷில் ஒரே வார்த்தையை வைத்துக் காலம் தள்ளினார்: நைஸ். பக்கத்துக் கடையின் ஆறிப்போன டீ நைஸ். மச்சானின் ஓட்டை ஸ்கூட்டரும் நைஸ். ஊருக்கே அவர் நைஸ்காரர். ஆனால் மரத்தைத் தடவிச் சொல்கிற நைஸில் மட்டும் பொய் கலக்காது.

ஏணியிலிருந்து சறுக்கி வலது மணிக்கட்டை முறித்துக்கொண்ட சமயம் பார்த்துத்தான் டாக்டரம்மாவின் புது கிளினிக் கதவு வேலைக்கு வந்தது. கட்டுப் போட்ட கையோடு அவர் முழித்தார். மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் செய்றேன்."

"நீயா?"

"இத்தனை வருஷமா நீங்க தேச்ச தூசியத் தும்மித் தும்மியே தொழில் கத்துக்கிட்டேன். இது நல்லா வந்தா நானும் பட்டறையில ஒரு ஆளு. வரலேன்னா பழையபடி டீ போட்டுக் குடுக்குறேன். மனசு நோகுமேன்னு மட்டும் பொய் சொல்லாதீங்க."

அவள் தேய்த்துக்கொண்டிருக்கையில் கல்லூரியிலிருந்து மகள் வந்தாள்.

"அப்பா, உங்க நைஸ் எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? லத்தீன்ல அதுக்கு ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தமாம். இங்கிலீஷுக்கு வந்தப்போ முட்டாள்."

"யாரைப் பாத்துச் சொல்றே?"

"வார்த்தையப்பா! அப்புறம் கூச்சக்காரன்னு ஆச்சு. அப்புறம் எல்லாத்துலயும் குத்தம் பாக்குறவன். அதுக்கப்புறம் நுணுக்கம். இனிமைங்கிறதெல்லாம் ரொம்பப் பின்னாடி வந்ததுதான்."

மனைவி தேய்ப்பதை நிறுத்தவில்லை. "ஒண்ணு விடாம உங்கப்பாவுக்குப் பொருந்துதேடி! கல்யாணத்தன்னிக்கு என் முகத்தைப் பாக்காம நாற்காலியவே பாத்துக்கிட்டிருந்தாரு. அது கூச்சம்."

"அந்த நாற்காலியில பாலிஷ் திட்டுத்திட்டா இருந்துச்சு!"

"கேட்டியா? இது குத்தம் பாக்குறது."

"முட்டாள் எப்படிப் பொருந்துதாம்?"

"ஏணியில செருப்போட ஏறினது யாரு?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கட்டுப்போட்ட கையைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

மறுநாள், பாலிஷ் பூசுமுன், பழைய நைலான் துணியை இடது கையில் சுற்றிக் கதவின்மேல் இழுத்தார். மரச் சிலாம்பு துளி நீட்டிக்கொண்டிருந்தாலும் அந்தத் துணி மாட்டிக்கொள்ளும். மேலெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. கீழ்ச் சட்டத்து மூலையில் மாட்டியது.

மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலையை யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. அவள் விரல் நுனியெல்லாம் தேய்ந்து சிவந்திருந்தது. ஊருக்கெல்லாம் வாரி இறைத்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"இன்னும் வரல. மூலையில துணி பிடிக்குது."

துணியைப் பிடுங்கித் தானே இழுத்துப் பார்த்தாள். பிடித்தது.

"வெளியில போங்க."

"கோவமா?"

"பின்னே சந்தோஷமா? ஆனா நைஸ்னு சொல்லியிருந்தீங்கன்னா பட்டறைப் பக்கமே வந்திருக்க மாட்டேன். போங்க, நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது."

தேய்த்தாள். பாலிஷும் பூசினாள். அது காய்கிறவரை தூசி ஆகாதே! அவர் வாசலில் காவல் நின்றார். பக்கத்துக் கடைக்காரரின் துடைப்பத்தைத் தடுத்தார். மச்சானை ஸ்கூட்டரிலிருந்து இறக்கினார்.

"தள்ளிக்கிட்டுப் போ மச்சான்."

"உள்ள அப்படி என்னதான் நடக்குது?"

"உங்கக்கா பாலிஷ் போட்டிருக்கா. என்னையே வெளியில துரத்திட்டான்னா பாத்துக்கோ, எப்பேர்ப்பட்ட வேலைக்காரியா இருப்பா!"

கடைசியில் அவளே வெளியே வந்தாள். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கதவில் அவர் முகமே தெரிந்தது. எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

"வண்டியக் கூப்பிடுங்க. கதவு கிளம்பலாம்."

பட்டறை முதலாளி மறுபேச்சில்லாமல் வண்டி பிடிக்க ஓடினார்.