ஒன்பது மணிக்குப் பிறகு இரண்டு ஆணி

செட்டிபாளையத்தில் கூரை திருத்த ஏறுகிறவள் புஸ்பம். ஏணியைப் பிடிக்கிறவன் அவள் புருஷன் வினாயகமூர்த்தி. முன்பு இது மறுவளமாக இருந்தது. சண்டை தொடங்கிய பிறகு, கூரையில் ஆம்பிளை நின்றால் வேவு பார்க்கிறான் என்று இராணுவ முகாமிலிருந்து சுடுவார்கள் என்ற பயம் ஊரைப் பிடித்துக்கொண்டது. மனுஷன் சுத்தியலைப் பெண்சாதியிடம் கொடுத்துவிட்டான். வாயை மட்டும் கொடுக்கவில்லை, கீழே நின்று அதட்டிக்கொண்டே இருப்பான்.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு மாரி. பட்டணத்துக்குப் போகும் பாதை மூன்று நாளாக மூடிக் கிடந்தது. புஸ்பத்தின் தங்கச்சி சீதேவிப்பிள்ளைக்கு விடியற்காலையில் நோ கண்டதால், ஊர்ப் பிரசவ அறைக்குத்தான் கொண்டுவந்தார்கள். முதல் நாள் மழையில் அந்த அறை ஒழுகியிருந்தது, அதுவும் கட்டிலுக்கு நேர் மேலே. கட்டிலை நகர்த்தவும் இடமில்லை. வாவிப் பக்கம் வானம் மறுபடி கறுத்து வந்தது.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு நிவாரணமாகக் கட்டிய அறை அது. கூரைக்குப் போட்டது ஓடுமல்ல, தகரமுமல்ல, மேலே பொடிமணல் ஒட்டிய தார்ச்சீற்று, தார் ஊறிய அட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கியது. புஸ்பம் ஏறுவதற்கு முன் தாழ்வாரத்து மண்ணை அள்ளிப் பார்ப்பாள். அதில் கறுத்த பொடிமணல் கலந்திருந்தால் சீற்றுக்கு வயது போய்விட்டது. மணல் உதிர்ந்த இடத்தில் வெயில் தாரைக் குடித்துவிடும். தார் வற்றினால் விளிம்பு சுருளும், பிறகு வெடிக்கும். அன்றைக்கு அவள் கை நிறைய மணல்.

பழைய சீற்றின் மேல் துண்டை ஒட்டினால் ஒரு மழைக்குத்தான் தாங்கும். மேல் வரிசையைத் தூக்கி, அடியில் புதுத் துண்டைச் செருகி, மறைகிற இடத்தில் ஆணி அடிக்க வேண்டும். ஆனால் காலைக் குளிரில் தூக்கினால் கிழட்டுச் சீற்று அப்பளமாக உடையும், வெயில் ஏறி இளகும் வரை காத்திருக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சுத்தியல் சத்தம் வெடிச்சத்தம் போலக் கேட்கிறது என்று, காலை ஒன்பது மணிக்குப் பிறகு ஆணி அடிக்கக்கூடாதென முகாமில் சொல்லியிருந்தார்கள்.

"மணி ஒம்பதாகுது. இறங்கு புள்ள" என்றான் வினாயகமூர்த்தி.

"இப்பதான் இளகுது. உடைச்சனெண்டா முழுக் கூரையும் போகும். சும்மா இருங்க."

ஒன்பதேகாலுக்கு மேல் வரிசை அவள் கைக்கு வளைந்து கொடுத்தது. துண்டைச் செருகி நான்கு ஆணி அடித்துவிட்டாள். ஐந்தாவதை எடுக்கும்போது ரோந்து வந்துவிட்டது.

வினாயகமூர்த்தியை முழங்காலில் இருத்திக் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். ஒருவன் துவக்கை மேலே நீட்டி, "பஹின்ன!" என்று சிங்களத்தில் கத்தினான். இறங்கச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. தூக்கிப் பிடித்த சீற்றை அப்படியே விட்டு இறங்கினால், முதல் காற்றிலேயே துண்டு பறந்துவிடும் என்பதும் விளங்கியது.

"ஐயா, மாத்தையா, ரெண்டே ரெண்டு ஆணி! உள்ளுக்குப் பிள்ளைப்பேறு!"

அறைக்குள்ளிருந்து சீதேவிப்பிள்ளை அலறினாள். மருத்துவிச்சி கண்ணகை ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் மன்றாடினாள். பொறுப்பாக வந்தவன் வானத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு விரலைக் காட்டினான்.

புஸ்பம் ஆணிக்கு மூன்று அடியாக ஆறு அடி அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் கீழே வினாயகமூர்த்தி கண்ணை மூடினான். அவள் இறங்கியதும் அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்துக்குப் பொறுப்பு ஆம்பிளைதான் என்று அவனுடைய அடையாள அட்டையைப் பறித்துக்கொண்டு, "நாளைக்கு காம்புக்கு வா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படி முகாமுக்குப் போனவர்களில் திரும்பி வராதவர்களும் ஊரில் இருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கொட்டிய மழையில் பெண்பிள்ளை பிறந்தது. கட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை.

மறுநாள் காலை வினாயகமூர்த்தி குளித்து, வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு புறப்பட்டான். அவளும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ என்னத்துக்கு?"

"ஆணி அடிச்சது நான். அத நான்தான் சொல்லணும்."

அவன் நில்லு நில்லு என்று கத்தினான். அவள் படலையைத் திறந்து அவனுக்கு முன்னால் நடந்தாள்.