நடு ஸ்பீக்கர்

என் வீட்டு ஹோம் தியேட்டர் ரிசீவரைப் பார்த்தாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. பெட்டியின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துவிடலாம் என்று பலமுறை பார்த்துவிட்டேன். பெட்டி ஒரு தப்பும் செய்யவில்லை.

திண்டிவனத்தில் வீடு கட்டிக் குடிபோனதும் ஆசைப்பட்டு வாங்கியது அது. கறுப்பாக, கனமாக, முதுகு முழுக்க ஓட்டையும் திருகுமாக ஒரு பெட்டி. அதிலிருந்து ஒயர் போகிற ஐந்து ஸ்பீக்கர்கள், தரையில் கிடந்து உறுமுகிற ஆறாவது ஒன்று. டிவியின் சொந்தச் சத்தத்தை அணைத்துவிட்டு, எதைப் பார்த்தாலும் சத்தம் இதன் வழியாகவே வரும்படி வைத்தேன். வந்தவர் போனவரையெல்லாம் உட்காரவைத்து, ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கிற காட்சியைப் போட்டுக் காட்டினேன். விழுப்புரத்தில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிற அளவுக்கு அதைப் பற்றி அளந்திருக்கிறேன்.

முதல் ஆயுத பூஜை வந்தது. வீட்டில் ஓடுகிற எதையும் விடாமல் துடைத்துப் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். மிக்ஸி, பைக், தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் உண்டு. ஐந்து ஸ்பீக்கர்களையும் கழற்றி வரிசையாக வைத்தேன். முன்பக்கம் துணி, சந்தனம் பட்டால் கறை போகாது. பொட்டே வைக்காமல் விடவும் மனசு வரவில்லை. டிவிக்குக் கீழே நிற்கிற நடு ஸ்பீக்கருக்கு மேல்பக்கமும் துணிதான், அதைத் திருப்பிப் பிடித்து, பின்னால் ஒயர் சொருகுகிற இடத்தில் சந்தனத்தையும் குங்குமத்தையும் கட்டைவிரலால் தாராளமாக அப்பினேன். மற்றவற்றுக்கு மேல்பக்கம் மரம் இருந்தது, அங்கே வைத்தேன். மறுநாள் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன்.

அதற்கப்புறம்தான் அப்பாவின் தொல்லை ஆரம்பித்தது. அன்றைக்கு நான் அதை அப்படித்தான் சொன்னேன்.

அப்பாவுக்கு ஒலக்கூர் பக்கம் சொந்த நிலம். வயது எழுபதைத் தொடுகிறது, திண்டிவனத்தில் எங்களோடுதான் இருக்கிறார். ஊரில் யார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையைத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு விற்கக் கொண்டுவந்தாலும் அப்பா கூட வந்து நிற்க வேண்டும். வியாபாரிகள் ஒருத்தருக்கொருத்தர் முனகிக்கொள்கிற விலை அவர் காதில் விழுந்துவிடும் என்று பேர். அவர் நிற்கிற இடத்தில் விலையை அமுக்கப் பயப்படுவார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்து, வசனம் ஒன்றும் கேட்கவில்லை என்றார். பாட்டு கேட்கிறது, இடி கேட்கிறது, பேசுகிறவனுக்கு வாய் மட்டும்தான் அசைகிறது என்றார். சத்தத்தை ஏற்றினால் ஜன்னல் அதிர்ந்தது. பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. என் மனைவியும் பிள்ளைகளும் ஆளுக்கொரு போனில் பார்க்கிறவர்கள். டிவி முன்னால் உட்காருவது நானும் அவரும்தான்.

எனக்கும் கேட்கவில்லை. இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று. அப்படிப் பீற்றிக்கொண்ட பெட்டியில் கோளாறு என்று எந்த முகத்தோடு ஒத்துக்கொள்வேன்?

"எனக்கு நல்லாத்தானே கேக்குது. உனக்கு வயசாயிடுச்சிப்பா" என்றேன்.

ஒரு நாள் இல்லை, மாதக்கணக்கில் இதையே சொன்னேன். அப்பா திருதிருவென்று விழிக்கும்போது, வசனம் புரிந்தவன் மாதிரி நான் சிரித்துக்கூடக் காட்டியிருக்கிறேன். சீ, என்ன பிறவி நான் என்று இப்போது தோன்றுகிறது.

கடைசியில் ஒரு நாள் அவரை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போனேன். காது கருவி விற்கிற கடை ஒன்றில் சோதித்துப் பார்த்தார்கள். வயதுக்கு ஏற்ற மந்தம் கொஞ்சம் இருக்கிறது, இப்போதைக்குக் கருவி கட்டாயமில்லை என்றுதான் சொன்னார்கள். மாட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

கருவி மாட்டியும் டிவியில் வசனம் கேட்கவில்லை. ரோட்டில் பஸ் ஹாரன்தான் மண்டையைப் பிளந்தது. அப்பா தன் காது முழுசாகப் போய்விட்டதென்று முடிவு கட்டிவிட்டார். அடுத்த மல்லாட்டை அறுவடைக்கு ஊர்க்காரர்கள் கூப்பிட வந்தபோது, "காது கேக்காதவன் வந்து நின்னுக்கினு நாலு பேரு வவுத்துல அடிக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்கள் வேறு ஒருத்தரைக் கூட்டிப்போனார்கள். அப்பா வீட்டோடு இருந்துகொண்டு வாயசைவைப் பார்த்தார். காலையில் கருவியைக் கழற்றி, அதில் ஒட்டியிருக்கும் குறும்பியைத் துண்டில் துடைப்பார். எனக்கு அருவருப்பாக இருக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். யாரைப் பார்த்து அருவருப்புப் பட்டிருக்க வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

இந்த வருஷம் படத்துக்கே கேடு வந்தது. திடீர் திடீரென்று திரை கறுத்துப்போய், சில விநாடி கழித்துத் திரும்பும். சத்தத்துக்காக ஒரு ஆளைக் கூப்பிடாதவன், படத்துக்காக அன்றைக்கே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். ரிசீவரிலிருந்து டிவிக்குப் போகிற கேபிள் சுவரோரம் மடிந்து நசுங்கியிருந்தது. வேறு கேபிள் போட்டார், படம் கறுக்காமல் நிலையாக ஓடியது. கிளம்புவதற்கு முன் எதற்கும் பார்த்துவிடுவோம் என்று ரிமோட்டில் எதையோ அழுத்தினார். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்'ஸென்று ஒரு இரைச்சல் சுற்றி வர வேண்டுமாம். இடது பக்கம் இரைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வலது பக்கம் இரைந்தது.

அப்பா அப்போதுதான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். காதில் கருவி இல்லை.

"நடுவுல இருக்கறது வாயே தொறக்கலியே" என்றார்.

மெக்கானிக் அவரைத் திரும்பிப் பார்த்தார். "கரெக்டா சொல்றீங்கய்யா. பேச்சு பூரா அதுலதான் வரும்" என்றார். நடு ஸ்பீக்கரைக் கழற்றித் திருப்பினார். ஒயர் சொருகுகிற வாய்க்குள் சந்தனமும் குங்குமமும் இறங்கிக் காய்ந்து, செம்புக் கம்பியின் நுனி பச்சையாகக் களிம்பு பிடித்துக் கிடந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதையெல்லாம் சுரண்டிப் போட்டு, நுனியை வெட்டிப் புதிதாகச் சீவி மாட்டினார். செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல் தெளிவாகக் கூடத்துக்கு வந்தது.

அவர் போன பிறகும் அப்பா செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இத்தினி நாளா இது பேசவே இல்லியா?"

"ஆமாம்பா."

"அப்ப உனுக்கு மட்டும் எப்பிடிடா கேட்டுச்சி?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கும் கேட்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், மறுநாளே கமிட்டியில் போய் நின்றிருப்பார். வாய்வரைக்கும் வந்தது.

"மத்த ஸ்பீக்கர்ல லேசா கேட்டுதுப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப நம்ம காதும் போனதுதான்" என்றார். எழுந்து உள்ளே போய்க் கருவியை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

சத்தம் ரொம்ப இருக்கிறது, குறை என்றார். குறைத்தேன்.