பூச்சி படித்த வரிசை

நாவலை வாசிப்பவர்கள் அழுவார்கள். நாவலை ஆய்வு செய்பவர்கள், எந்தப் பக்கத்தில் அழ வேண்டும் என்று குறித்து வைப்பார்கள்.

நான் இரண்டாவது கூட்டம். முனைவர் பட்டத்துக்காக, பழைய நாவல்களின் கருப்பொருளையும் கதைசொல்லும் உத்திகளையும் ஆராய்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். தப்பாக எழுதினால் திருத்த வீட்டில் ஆள் இல்லை என்ற பயம் எப்போதும் உண்டு. நெறியாளர் அறைக்கு வெளியே, உள்ளே போகலாமா வேண்டாமா என்று கைக்குட்டையை முறுக்கிக்கொண்டு நீங்களும் நின்றிருந்தால், நாம் ஒரே சாதி.

வேன் கேட்ட கேள்வி

அம்மா சிவகாசியில் டைரி, காலண்டர் அச்சடிக்கும் ஒரு கம்பெனியில் பைண்டிங் பிரிவில் வேலை பார்க்கிறாள். சாத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி வேனில், டிரைவர் அண்ணன் தயவில் எனக்கும் ஓர் ஓரம் உண்டு. கம்பெனி வாசலிலிருந்து கல்லூரி நடக்கிற தூரம்தான்.

முதல் வாரமே விசாரணை வந்தது. என்ன படிக்கிறேன் என்றார்கள். நாவல் என்றேன். எத்தனை வருசம் என்றார்கள். நாலு, ஐந்து ஆகலாம் என்றேன். டைரிக்கு அட்டை ஒட்டும் செல்வியக்கா, மடியிலிருந்த தூக்குச்சட்டியை மாற்றி வைத்துக்கொண்டு கேட்டார்:

"அப்ப எங்க வீட்டுக்காரரு தெனமும் தாமசமா வந்து சொல்ற கதைக்கு எந்தக் காலேஜ்ல பட்டம் குடுப்பாக?"

பென்சில் எண்கள்

ஆய்வேட்டின் மூன்றாம் இயலுக்கு நான் எடுத்த நாவல் எங்கள் கல்லூரி நூலகத்தில் ஒரே பிரதிதான் இருந்தது. தையல் விட்டுப்போய், எங்கேயோ கொடுத்து மறுபடி பைண்டிங் செய்திருந்தார்கள். ஓரம் வெட்டும்போது கீழே ஒரு விரல் அகலம் கூடுதலாகப் போய்விட்டது. அதோடு பக்க எண்களும் போய்விட்டன. எண் இல்லாமல் எப்படி மேற்கோள் காட்டுவது? நூலகத்திலேயே உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பென்சிலால் நானே எண் போட்டேன். பூச்சி அரித்த ஓட்டைகளில் தொலைந்த எழுத்துகளையும் ஊகித்து எழுதினேன்.

அப்போதே இந்த நாவலில் ஏதோ விசேஷம் என்று பட்டது. மூன்று இடங்களில் வாக்கியம் பாதியில் நின்று, அடுத்த பக்கத்தில் வேறொன்று நடுவிலிருந்து தொடங்கியது. தொண்ணூற்று ஏழாம் பக்கம், 'மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்' என்று தலையில்லாமல் ஆரம்பிக்கும். யார் சாப்பிட்டது? ஆசிரியர் சொல்லவில்லை. நான் சிலிர்த்துப்போய், குறிப்பேட்டில் 'அறுபட்ட வாக்கிய உத்தி' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நூலகர் எட்டிப்பார்த்தார்:

"படிக்கத்தானம்மா கேட்ட, எண்ணுறதுக்கா கேட்ட?"

நனைந்த சட்டை

ஆடி வெள்ளி. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு மஞ்சள் சேலையில் நடந்துபோகும் கூட்டத்தால் சாலை நிறைந்திருந்தது. வேன் ஊர்ந்தது. பொழுது போகாமல் அந்த நாவலின் கதையைக் கேட்டார்கள். சொன்னேன்.

தாய் தகப்பன் இல்லாத ஓர் அக்கா, தம்பியை வளர்க்கிறாள். அவன் கண்மாயில் மூழ்கி இறந்துபோகிறான். ஊர் கூடித் தூக்குகிறது. கொஞ்சப் பக்கம் தாண்டினால், ஒரு மழை நாளில், சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு அவன் வாசலில் நின்று, "அக்கா, சோறு இருக்கா?" என்கிறான். அவள் பயப்படவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவும் இல்லை. தலையைத் துவட்டிவிட்டு வட்டிலை எடுத்து வைக்கிறாள். அவன் சோற்றில் கை வைக்கிறான். அத்தோடு வாக்கியம் அறுந்துபோகிறது.

வெளியே வேப்பிலையும் தீச்சட்டியும் மெல்ல நகர்ந்தன. கனவுக்குள் உட்கார்ந்து போவதுபோல் இருந்தது. செல்வியக்காவின் தம்பி மூன்று வருடத்துக்கு முன்னால் பைக்கில் போய் விழுந்து இறந்தவன். அது எனக்குத் தெரியும். கதை சொல்லும் ஆசையில் மறந்துவிட்டேன். நினைவு வந்து நான் தலை குனிந்தபோது, அவர் மெதுவாகக் கேட்டார்:

"வந்தவன் சாப்பிட்டானா இல்லையா, அதச் சொல்லு பிள்ள."

பச்சை மை

என் நெறியாளர் எஸ்தர் மேடம் எதையும் எளிதில் பாராட்ட மாட்டார். முதல் இரண்டு இயலிலும் அவருடைய பச்சை மை என் நீல மையைவிட அதிகம். மூன்றாம் இயலுக்கு 'இறந்தவர் திரும்பும் காலம்' என்று தலைப்பிட்டிருந்தேன். முன்பின்னாக நகரும் காலம், அறிவிப்பில்லாமல் திரும்பும் மரணம், அறுபடும் வாக்கியம் எல்லாம் எழுதியிருந்தேன். மேடம் படித்து முடித்துவிட்டு, ஜன்னல் வழியே வேப்பமரத்தை வெகுநேரம் பார்த்தார்.

அடுத்த மாதக் கருத்தரங்கில் இதையே வாசிக்கச் சொன்னார். நன்றாக வாசித்தால் தற்காலிக விரிவுரையாளர் பணிக்கு என் பெயரைச் சொல்வதாகவும் சொன்னார். அம்மாவை வேனிலிருந்து இறக்கிவிடலாம் என்று அன்றைக்கு நான் நினைத்தது உண்மை. கிளம்பும்போது மேடம் சொன்னார்:

"இத்தனை வருசத்துல யாருமே இதக் கவனிக்கலையே, நான் உட்பட."

ஓட்டை

கருத்தரங்குக்கு ஒரு வாரம் இருந்தது. கட்டுரையைச் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்த அம்மா, டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். பிறகு, நான் நூலகத்திலிருந்து வாங்கி வந்திருந்த நாவலைக் கையில் எடுத்தாள். அம்மா புத்தகத்தைப் படிக்க மாட்டாள், தடவிப் பார்ப்பாள். பதினாறு பக்கம் சேர்ந்த மடிப்புக்கு அச்சகத்தில் பாரம் என்று பெயர். இருபது வருடமாகப் பாரம் அடுக்கும் கை அது. பக்கங்களை விசிறி மாதிரி விட்டுக்கொண்டே வந்த கை, நின்றது.

"இங்கன ஓட்டை இருக்கா? அடுத்ததுல இல்ல. அப்புறம் மறுபடி இருக்கு. பூச்சி என்ன, தாண்டித் தாண்டியா போகும்?"

புத்தகத்தை வாங்கி நானும் ஓட்டைகளைத் தொடர்ந்து பார்த்தேன். பூச்சி அரித்த பிறகு நடந்த பைண்டிங்கில் ஏழாம் பாரமும் எட்டாம் பாரமும் இடம் மாறிப்போயிருந்தன. தம்பி செத்துத் திரும்பி வரவில்லை. அவன் முதலில் மழையில் நனைந்து வந்தான். பிறகுதான் கண்மாய்க்குப் போனான். என் மூன்றாம் இயல் முழுக்க, யாரோ ஒரு பைண்டரின் மத்தியானத் தூக்கம்.

"எங்க கம்பெனில ஜனவரிக்கு அப்புறம் மார்ச் வந்தா கழிச்சுக் கட்டிருவாக" என்றாள் அம்மா. அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். "பூச்சி வரிசையாத்தான் படிச்சிருக்கு. நீதான் மாத்திப் படிச்சிருக்க."

எண் உள்ள பிரதி

அப்படியும் மனம் ஒப்பவில்லை. விருதுநகரில் வேறொரு நூலகத்தில் தேடிப்பிடித்து, எண்களோடு இருந்த பிரதியைப் பார்த்தேன். பென்சிலில் நான் 102 என்று போட்ட பக்கம், அங்கே அச்சில் 118. அந்தப் பக்கத்தில் தம்பி இறந்தான். அதன் பிறகு எத்தனை பக்கம் புரட்டியும் அவன் வரவில்லை. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், எழுந்து கிளம்ப நேரம் தெரியாமல் உட்கார்ந்திருப்பதுபோல. புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்த அம்மாள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தெரிஞ்ச ஆளு யாரும் தவறிட்டாகளா?"

மேடத்திடம்

சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்கப்போகிறவர்களில் எத்தனை பேர் அந்த நாவலைப் புரட்டப்போகிறார்கள்? இரண்டு இரவு அப்படித்தான் நினைத்தேன். மூன்றாம் நாள், விருதுநகரில் இரவல் வாங்கிய பிரதியோடு சேர்த்து இரண்டையும் மேடத்தின் மேசையில் வைத்து, பூச்சி ஓட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

மேடம் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். கருத்தரங்கில் வேறொருவர் வாசித்தார். நான் வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களின் பெயரைப் பதிந்தேன். தற்காலிகப் பணியும் அவருக்கே போனது. மூன்றாம் இயலை முதலிலிருந்து எழுத வேண்டும். ஆனால் நான் சொன்ன அன்று மேடம் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"காலேஜ்ல இந்த நாவல நான் படிச்சப்ப கதை நேராத்தான் போச்சு. நீ எழுதினதப் பாத்துட்டு, நமக்குத்தான் அப்பப் புரியலன்னு நெனச்சுட்டேன்."

முன்னும் பின்னும்

ஒருவருக்கு மட்டும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. பட்டாசுக் கம்பெனிகளின் தகரப் பலகைகளைத் தாண்டி வேன் போய்க்கொண்டிருந்தது. செல்வியக்கா பக்கத்தில் உட்கார்ந்து, நான் சொன்ன கதை தப்பு, அந்தத் தம்பி திரும்பி வரவில்லை என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்.

"ஆனா சாப்பிட்டான்க்கா" என்றேன். சோற்றில் கை வைத்ததோடு அறுந்த அந்த வாக்கியத்தின் மிச்சம்தான், தலையில்லாமல் கிடந்த அந்த வரி. பாரங்கள் சரியான இடத்துக்கு வந்ததும் இரண்டும் ஒட்டிக்கொண்டன. "மூணு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கான். அதுக்கப்புறந்தான் கண்மாய்க்குப் போயிருக்கான்."

கம்பெனி வாசலில் வேன் திரும்பும்போது, செல்வியக்கா தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தார்:

"சாப்பிட்டான்ல. அது முன்னால வந்தா என்ன, பின்னால வந்தா என்ன."

ஆகவே, என்னைப்போல் ஆய்வில் மாட்டிக்கொண்டவர்களே, புதிய உத்தியொன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக நெஞ்சு படபடத்தால், அந்தப் புத்தகத்தை உங்களுக்கு முன்னால் படித்த பூச்சியை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுத உட்காருங்கள்.