எங்கள் ரத்தத்தில் குறை இல்லையாம்

என் மகன் சாதாரண சளிக்காய்ச்சலில் செத்துப்போனான். நான் இதை எப்போதும் இப்படித்தான் சொல்வேன். "தவறிட்டான்", "சாமிகிட்ட போயிட்டான்" என்று பூசி மெழுகுவது எனக்குப் பிடிக்காது. அந்த மழைக்காலத்தில் சேலையூரில் எங்கள் தெருவே இருமிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் என் கணவருக்கு வந்தது, பிறகு எனக்கு, பிறகு மாமியாருக்கு. கஞ்சியும் மாத்திரையுமாகக் கிடந்து எல்லோரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். மூன்று வயதுகூட நிரம்பாத என் மகனுக்கு மட்டும் அது நேராக நுரையீரலில் இறங்கியது. மருத்துவமனையில் ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டே இருந்தேன். அவன் வீடு திரும்பவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் கையோடு ஒரு காரணமும் கொண்டுவந்தார்கள். மழையில் நனையவிட்டேனாம். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேனாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் அவனைத் தூக்கிக்கொண்டு போனதை யாரோ பார்த்திருந்தார்கள், அது போதுமாக இருந்தது. கிண்டியில் எனக்கு வேலை, பகலில் அவனை டே கேரில் விட்டிருந்தேன். அதைக் குத்திக்காட்டாதவர்களே இல்லை.

"வேலைக்குப் போறவ, புள்ளைய எங்க பாக்கறது" என்று கூடத்தில் உட்கார்ந்து என் மாமியாரே சொன்னார். அவர் எனக்கு மாமியார் மட்டும் இல்லை, என் அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. நான் இன்றும் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அத்தை வீட்டுக்கே மருமகளாகப் போனால் மாமியார் தொல்லை இருக்காது என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். நல்ல வேடிக்கை.

மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் மட்டும் எந்தக் காரணத்தையும் என் தலையில் கட்டவில்லை. ஒரே காய்ச்சல், ஒரே வீடு, இவன் மட்டும் ஏன் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். மகனின் ரத்தத்தையும் எங்கள் இருவரின் ரத்தத்தையும் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். சில மாதங்கள் கழித்து எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்ததும் அந்தச் செல் கூச்சல் போட வேண்டுமாம். ஒரு வீட்டில் திருடன் நுழைந்தால் அந்த வீட்டார் கத்துவார்களே, அதுபோல. அந்தச் சத்தம் கேட்டுத்தான் அக்கம்பக்கத்துச் செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கூச்சலுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர். அதைக் கிளப்பிவிடுகிற ஒரு மரபணு என் மகனிடம் வேலை செய்யவில்லை. அப்பாவிடமிருந்து வந்த பிரதியும் பழுது, அம்மாவிடமிருந்து வந்ததும் பழுது. எங்கள் இருவரிடமும் ஆளுக்கொரு நல்ல பிரதி இருந்தது. அதனால் கஞ்சி குடித்துவிட்டு எழுந்துவிட்டோம். அவனுக்கு நல்லதாக ஒன்றுகூட வாய்க்கவில்லை.

மழையும் இல்லை, சந்தையும் இல்லை. என் அப்பாவையும் அத்தையையும் பெற்றவர்களில் ஒருவரிடம் இருந்த பழுது இரண்டு பக்கமாக இறங்கிவந்து என் மகனிடம் சேர்ந்திருக்கிறது என்றார் மருத்துவர். "இனிமே உங்க குடும்பத்துல சொந்தத்துல கல்யாணம் பேசினா, முதல்ல ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்துடுங்க" என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதிகூடச் சொல்லி முடிக்கவில்லை.

"எங்க ரத்தத்துல குறை சொல்றாளா அந்த டாக்டரு? எங்க வம்சத்துல ஒவ்வொருத்தரும் கல்லு மாதிரி இருக்கோம்டி" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். அதற்குப் பிறகு நான் எப்போது வாயைத் திறந்தாலும் அத்தைக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பட்டும் திருந்தவில்லை. வருடம் திரும்பியதும் அத்தையும் என் அப்பாவும் சேர்ந்து அடுத்த கல்யாணத்தைப் பேசினார்கள். என் தம்பிக்கு அத்தையின் மகள், அதாவது என் நாத்தனார். பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுப்பது எங்கள் வழக்கம், உறவு விட்டுப்போகாதாம். சின்ன வயதிலிருந்தே கட்டிக்கப்போறவன், கட்டிக்கப்போறவள் என்று கேலி செய்தே வளர்த்ததால் அவர்கள் இருவருக்கும் பிடிக்காமலும் இல்லை.

தம்பியிடம் நேராகவே பேசினேன். "உனக்கு நடந்தது பேட் லக் அக்கா. எல்லாருக்குமா அப்படி ஆகும்?" என்றான். ஒரு ஹெட்போன் வாங்க ஒரு வாரம் ரிவ்யூ படிக்கிறவன். எனக்கு வந்த கோபத்தில் அவனை அறைந்திருப்பேன். என் மகன் இவன் தோளில் உட்கார்ந்து தாம்பரம் மேம்பாலத்திலிருந்து ரயில் பார்த்தவன். அவன் செத்தது இவனுக்கு பேட் லக்.

நாத்தனார் வேறு மாதிரி. ஒருநாள் காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்பி, பிளாட்பாரத்தில் வண்டிக்காக நின்றோம். "அண்ணி, அந்த டெஸ்ட் எங்க எடுக்கணும்?" என்று கேட்டாள். யாரிடமும் சொல்லாமல் என் தம்பியையும் இழுத்துக்கொண்டு அவளே போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவு வந்தபோது இருவரிடமும் அந்தப் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரும்புலியூரில் என் அப்பா வீட்டில் கூடினோம். திருநீர்மலை அடிவாரத்தில் மண்டபம் பார்த்தாகிவிட்டது என்று அத்தை சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார் குறுக்கிட்டு விஷயத்தைச் சொன்னாள். மருத்துவர் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டாள். இருவருக்கும் ஒன்றும் ஆகாது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

அத்தை கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார்.

"நாலுல ஒண்ணுதானே? மூணு நல்லாத்தானே பொறக்கும்?" என்றார்.

இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"அந்த நாலாவது யாருன்னு தெரியலையா அத்தை? உங்க பேரன். நீங்கதான் அவனுக்குத் தலைக்கு ஊத்துவீங்க, நீங்கதான் சோறு ஊட்டுவீங்க. இன்னொண்ணையும் வாரிக் குடுக்கறதுக்குத் தேதி குறிக்கறீங்களா?"

என் அப்பா அக்கா பேச்சைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. அன்று, "வேணாம்க்கா, விட்டுடு" என்றார். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாத்தனார் எழுந்து அவன் பக்கத்தில் போய், "நமக்கு வேற வேற எடத்துல பாக்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவன் தலையாட்டினான். அவர்கள் மேல் எனக்கு அன்று கோபம் வரவில்லை. அவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் மேல்தான் வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மாலையில் வேலை விட்டு வந்தபோது அத்தை சோபாவில் உட்கார்ந்து ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் அத்தையின் சித்தி மகள், பம்மலில் இருப்பவர், அவரும் எனக்கு அத்தை முறைதான். அவருடைய பேத்தியை அவளுடைய தாய்மாமனுக்கே கட்டிவைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"ஜாதகம் ஒத்து வரலடி, அதான் வேணாம்னுட்டோம். மத்தபடி ஒண்ணுமில்ல. நீ நல்லபடியா நடத்து" என்று அத்தை ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தார்.

பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. அத்தையின் கையிலிருந்து ஃபோனை வாங்கினேன். வாங்கினேன் என்ன, பிடுங்கினேன்.

"அத்தை, நான் பேசறேன். ஜாதகம் எல்லாம் இல்ல. எங்க ரத்தத்துலதான் குறை. அதுலதான் என் புள்ள செத்தான். அது உங்க வீட்டுலயும் இருக்கலாம். முதல்லருந்து சொல்றேன், முழுசாக் கேளுங்க."

என் மாமியார் சோபாவைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்தார்.